வண்டியை எண்ணுகிறவர்கள் பயணத்தையும் எண்ணட்டும்

சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இம்முறை கடைசியாக எழுந்தவர், லேக் மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருக்கும் நம் சகோதரி ஒருவர். சந்தா பாக்கியைப் பற்றியோ பிள்ளைகளின் பள்ளிக்கூட இடத்தைப் பற்றியோ கேட்பார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு.

"அண்ணே, கணக்கெடுக்க வர்றவங்க கிட்டே வீட்டிலே ஸ்கூட்டர் இருக்குன்னு சொல்லலாமா? சொன்னா ரேஷன் கார்டை வெட்டிடுவாங்கன்னு பக்கத்து வீட்டிலே சொல்றாங்களே?"

சிலர் சிரித்தார்கள். ஆனால் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, சிரித்தவர்களிலேயே நான்கு பேர் தனித்தனியாக வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். எனவே இந்த மாதத் தலையங்கத்தை அந்தச் சகோதரியின் கேள்விக்கே கொடுத்துவிட்டோம். சொல்லலாமா, கூடாதா என்பதற்குப் பதில் சொல்வதோடு நிற்கப் போவதில்லை. அந்த ஸ்கூட்டரைப் பற்றி அரசாங்கம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறதா என்பதையும் பார்ப்போம்.

1881 முதல் பத்து ஆண்டுக்கு ஒரு தடவை இந்த நாட்டில் தலைகள் எண்ணப்பட்டு வந்தன. பஞ்சம் வந்தபோதும், உலக யுத்தம் நடந்தபோதும் கணக்கு நின்றதில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்குதான் முதன்முறையாகத் தள்ளிப்போயிற்று. 2025 ஜூன் 16ஆம் தேதி அரசிதழில் வந்த அறிவிப்பு, 2027 மார்ச் 1ஆம் தேதியைக் கணக்கு நாளாகக் குறித்தது. வேலை இரண்டு கட்டமாக நடக்கும் என்றும் திட்டமிடப்பட்டது. 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் ஒவ்வொரு மாநிலத்திலும் வீட்டுப் பட்டியல் எடுப்பது முதல் கட்டம். 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ணுவது இரண்டாம் கட்டம்.

முதல் கட்டத்துக்கு 33 கேள்விகள் அறிவிக்கப்பட்டன. சுவர் எதனால் ஆனது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கக்கூஸ் உண்டா என்பவற்றோடு, "சைக்கிள், ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், மொபெட் உண்டா?" என்பதும் ஒரு கேள்வி. "கார், ஜீப், வேன் உண்டா?" என்பது அடுத்த கேள்வி. ரேடியோ, தொலைக்காட்சி, டெலிபோன் வரிசையில் நம் ஸ்கூட்டரும் நிற்கிறது. அதாவது, வீட்டில் உள்ள ஒரு சொத்தாக.

சொத்துக் கணக்கு வீண் என்று நாம் சொல்லவில்லை. அதிலிருந்து தெரிந்துகொள்ள நிறைய உண்டு. 2001இல் நாட்டில் நூற்றுக்கு 11.7 குடும்பங்களிடம் ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ மொபெட்டோ இருந்தது. 2011இல் அது 21 ஆயிற்று. அதே 2011இல் கார் வைத்திருந்த குடும்பங்கள் நூற்றுக்கு 4.7. தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பத்துக்கு இரு சக்கர மோட்டார் வண்டி இருந்தது. மேற்கு வங்கத்தில் பத்தில் ஒரு குடும்பத்துக்குக்கூட இல்லை. ஊரில் தம்பி வைத்திருக்கும் வண்டி இங்கே அண்ணனிடம் ஏன் இல்லை என்று நாம் பேசிக்கொண்ட காலம் அது. இங்கே லோக்கல் ரயில் இருந்தது, டிராம் இருந்தது, கங்கையைக் கடக்கப் படகு இருந்தது. வண்டி தேவைப்படவில்லை, வாங்கப் பணமும் இல்லை.

அந்தக் காலம் எப்படி மாறிற்று என்பதற்கு நம் சகோதரியின் வீடே சாட்சி. சோனார்பூர் பக்கம் குடியிருக்கும் அவர், விடியற்காலை முதல் லோக்கலில் மாவுத் தூக்கையும் சாம்பார்ப் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு பாலிகஞ்சில் இறங்கி, அங்கிருந்து ரிக்‌ஷா பிடித்துக் கடைக்கு வருவார். 2020 மார்ச்சில் ரயில்கள் நின்றன. ஊரடங்கு தளர்ந்து கடைகள் திறந்த பிறகும் லோக்கல் ஓடவில்லை. நவம்பர் 11ஆம் தேதி வரை, ஏழரை மாதம், ஓடவில்லை. 2021 மே மாதம் மறுபடியும் நின்று, அக்டோபர் கடைசியில்தான் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. இதை எழுதும் நாம் ரயில்வே குமாஸ்தா. நமக்கு ஊழியர் ஸ்பெஷல் இருந்தது. அதில் ஏறி நாம் ஆபீஸ் போனோம். நம்மோடு தினமும் அதே பெட்டியில் நின்று வந்த வீட்டு வேலைக்காரப் பெண்களும், காய்கறிக்காரர்களும், நம் இட்லிக் கடைக்காரர்களும் பிளாட்பாரத்துக்கு வெளியே நின்றார்கள். அந்த வெட்கத்தை நாம் இன்னும் மறக்கவில்லை.

அப்போதுதான் அந்தக் குடும்பம் தோட்டை அடகு வைத்து, மூன்று கை மாறிய ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கிற்று. மகன் ஓட்ட, தாய் பின்னால் உட்கார்ந்து பாத்திரத்தை மடியில் பிடித்துக்கொண்டு வர, கடை பிழைத்தது. ரயில் திரும்பி வந்த பிறகும் வண்டி நின்றுவிட்டது. நம் உறுப்பினர் குடும்பங்களில் இப்படி வண்டி வாங்கியவர்கள் பலர். இதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் அவர்கள் விடியற்காலை நாலரை மணிக்குச் சோனார்பூரில் நின்று பார்க்கட்டும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. உழைக்கும் மக்கள் வேலைக்குப் போகும் வழியே புரண்டுபோன அந்த ஆண்டில்தான் மக்கள்தொகைக் கணக்கும் தள்ளிவைக்கப்பட்டது. மாற்றத்தை உண்டாக்கிய அதே நோய், அதை எழுதி வைக்க வேண்டிய ஏட்டையும் மூடிவிட்டது. ஆகவே, நாடு முழுவதுக்கும் எடுத்த கணக்கில் நம் பயணத்தைப் பற்றிக் கடைசியாக எழுதப்பட்டது 2011இல் இருந்த நிலைமைதான்.

சரி, 2011இல் என்ன எழுதினார்கள்? இரண்டாம் கட்டப் படிவத்தில் நல்ல கேள்வி ஒன்று இருந்தது. வீட்டிலிருந்து வேலைத்தலம் எத்தனை கிலோமீட்டர், எதில் போகிறீர்கள் என்பது அது. நடை, சைக்கிள், மொபெட்–ஸ்கூட்டர்–மோட்டார் சைக்கிள், கார், ஆட்டோ–டாக்சி, பஸ், ரயில், நீர்வழி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கேட்கப்பட்டவர்கள் சுமார் 20 கோடிப் பேர். அவர்களில் நாலரைக் கோடிப் பேர் நடந்தே போனார்கள். சைக்கிளில் போனவர்கள் இரண்டரைக் கோடிக்கு மேல். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளில் போனவர்களும் ஏறத்தாழ இரண்டரைக் கோடி, பஸ்ஸில் போனவர்களைவிட அதிகம். காரில் போனவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. நகரங்களில் மேம்பாலம் கட்டியது யாருக்காக என்று கேட்க இந்த ஒரு பட்டியல் போதும். "வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம்" என்று 2006இன் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை சொல்லிற்று. எந்த மனிதர்களை என்று இந்தப் பட்டியல்தான் காட்டிற்று.

ஆனால் குமாஸ்தா வேலையில் நாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. படிவத்தில் கட்டம் இல்லாத விஷயம் மேலிடத்துக்குப் போகாது. மேலிடத்துக்குப் போகாததற்குப் பணம் ஒதுக்கமாட்டார்கள். அந்தக் கண்ணோடு 2011இன் கேள்வியைப் பார்த்தால் நான்கு ஓட்டைகள் தெரிகின்றன.

முதலாவது, கேள்வி எல்லா உழைப்பாளிகளிடமும் கேட்கப்படவில்லை. விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்பவர் ஆகிய மூன்று வகையினரை விட்டுவிட்டு, "மற்றத் தொழிலாளர்" என்று பெயரிட்ட வகையினரிடம் மட்டுமே கேட்டார்கள். ஊரில் நம் தங்கை நாற்று நடப் பத்து கிலோமீட்டர் போகிறாள் என்றால், அந்தப் பத்து கிலோமீட்டர் கணக்கில் இல்லை. பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகும் பிள்ளைகளின் வழியும் இல்லை.

இரண்டாவது, ஓர் ஆளுக்கு ஓர் எண்தான். நம்மவர் ஒருவர் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை ஸ்கூட்டரில் போய், அதை நிறுத்தக் காசு கொடுத்து, ரயிலேறி ஹவுரா வந்து, படகில் கங்கையைக் கடந்து, மீதியை நடக்கிறார். நான்கு வழியில் ஒன்றுதான் ஏட்டில் ஏறும். மற்ற மூன்றும், அவற்றில் ஆகும் செலவும், வண்டி நிறுத்தும் இடத்துக்கான தேவையும் காணாமற் போகும். டிராமுக்கென்று தனி எண்ணே கிடையாது. டிராமுக்குப் பேர்போன நகரத்தில் இருக்கிறோம் நாம். 2024 செப்டம்பரில், மைதானப் பாதை ஒன்றைத் தவிர மற்ற டிராம்களை நிறுத்துவதாக மாநில அரசு அறிவித்தது. கட்டம் இல்லாததால்தான் டிராம் போயிற்று என்று நாம் வாதாட மாட்டோம். ஆனால், "இத்தனை ஆயிரம் பேர் இதில் வேலைக்குப் போகிறார்களே" என்று மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக் காட்டிக் கேட்க நமக்கு வழி இருக்கவில்லை.

மூன்றாவது, ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் ஒரே எண்ணுக்குள் அடைபடுகிறார்கள். சொந்த வண்டியும் வாடகை பைக்கும் ஒன்றாகிவிடுகின்றன. நம் சகோதரி போன்றவர்களின் பயணம் மகனுடைய வேலை நேரத்தையும் வண்டியின் உடல்நிலையையும் பொறுத்தது. மகனுக்கு வேறு வேலை கிடைத்தால் தாயின் கடை நின்றுபோகும். இது சொந்தமாக வண்டி ஓட்டுகிறவரின் நிலை அல்ல. பெண்களின் வேலையைப் பற்றி அக்கறை உள்ள எந்த அரசும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நான்காவது, சாலையே வேலைத்தலமாக உள்ளவர்கள். ஒரு நாளில் நூறு கிலோமீட்டர் சுற்றி உணவுப் பொட்டலமும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுக்கும் நம் பையன்களிடம் "வீட்டிலிருந்து வேலைத்தலம் எத்தனை தூரம்?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? 2020–21இல் இத்தகைய செயலி வழித் தொழிலாளர்கள் 77 லட்சம் பேர் என்றும், 2029–30க்குள் 2.35 கோடி ஆவார்கள் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. மதிப்பீடுதான், ஆளை எண்ணிய கணக்கு அல்ல. இவர்களுக்கும் சமூகப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லும் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. எண்ணப்படாதவனுக்கு எதைப் பங்கிடப் போகிறார்கள்? இவர்களில் பலர் ஓட்டும் சிறிய மின்சார வண்டிகள் இன்னொரு சிக்கல். கால் கிலோவாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள வண்டி, விதிப்படி மோட்டார் வாகனமே அல்ல. பதிவு எண்ணும் கிடையாது. போக்குவரத்து ஆபீசின் ஏட்டிலும் இல்லை, மக்கள்தொகை ஏட்டிலும் தனியாக இல்லை என்றால் அந்தப் பையன் எங்கேதான் இருக்கிறான்?

"இதெல்லாம் புள்ளிவிவரக்காரர்களின் தலைவலி, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நமக்கென்ன என்பதைச் சாவுக் கணக்கு சொல்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே சொல்கிறது. அவர்களில் 74,897 பேர் இரு சக்கர மோட்டார் வண்டியில் போனவர்கள். நூற்றுக்கு 44.5. ஹெல்மெட் இல்லாமல் மாண்டவர்கள் மட்டும் 50,029 பேர். அவர்களில் 14 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

செத்தவர்களைப் போலீஸ் ஒவ்வொருவராக எண்ணுகிறது, ஓட்டியவர், பின்னால் இருந்தவர் என்று பிரித்தும் எழுதுகிறது. ஆனால் தினமும் எத்தனை பேர் அப்படிப் போகிறார்கள், எந்தத் தொழிலுக்கு, எத்தனை தூரம் என்பது தெரியாமல், எந்த வழி எவ்வளவு ஆபத்தானது என்று எப்படிச் சொல்ல முடியும்? எந்தச் சாலையில் விளக்கு போடுவது, எந்த வேலைத்தலத்துக்குப் பஸ் விடுவது, எங்கே முதலில் ஆஸ்பத்திரி வைப்பது? வண்டிப் பதிவு ஏடு இருக்கிறதே என்பார்கள். அது வண்டிகளின் கணக்கு. கட்டையில் போன வண்டியும் அதில் இருக்கும், ஒரே வண்டியில் மூன்று பேர் போவது அதில் இராது.

இந்த நகரத்தில் கணக்கு இல்லாமல் எடுத்த முடிவுகளின் சுமையை நாம் சுமந்திருக்கிறோம். 2013இல் கொல்கத்தாவில் 174 சாலைகளில் சைக்கிள் போகக் கூடாது என்றார்கள். பால்காரரும் பேப்பர்காரரும் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு அது 62 ஆகக் குறைந்தது. இன்னொன்று, தோல் தொழில். டாங்ரா, தில்ஜலா, தொப்சியா பகுதித் தோல் பதனிடும் கூடங்களை நகரத்தை விட்டு வெளியே கொண்டுபோக 1996இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. மாசு குறைய வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கூடங்கள் பான்தலாவுக்குப் போனபோது தொழிலாளியின் வீடு கூடவே போகவில்லை. நடந்து போன வேலை பஸ் மாறிப் போகும் வேலையாயிற்று. பிறகு பலருக்கு அது மோட்டார் சைக்கிள் தவணை கட்டிப் போகும் வேலையாயிற்று. அந்தத் தவணையை முதலாளியும் கட்டவில்லை, அரசும் கட்டவில்லை.

இதற்கு மாறான உதாரணமும் நம்மவர்கள் வாழும் இடத்திலேயே உண்டு. மலேசியாவில் கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பாதையை 1970களிலேயே போடத் தொடங்கினார்கள். அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் தமிழ்த் தொழிலாளிகள் எத்தனையோ பேர் லாரிச் சக்கரத்துக்குத் தப்பி வீடு திரும்ப அந்தப் பாதை உதவுகிறது. சாலையில் யார் எதில் போகிறார்கள் என்று பார்த்துப் போட்ட பாதை அது.

மேல்நாடுகளிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் 2021 கணக்கில் வேலைக்கு எதில் போகிறீர்கள் என்ற கேள்விக்கு மோட்டார் சைக்கிள் ஒரு விடை. ஆனால் வீட்டில் என்ன வண்டி என்ற கேள்வி காரையும் வேனையும் மட்டுமே எண்ணிற்று. அமெரிக்காவின் ஆண்டுச் சர்வேயிலும் அப்படியே. பயணத்தில் மோட்டார் சைக்கிளுக்கு இடம் உண்டு, வீட்டு வண்டிக் கணக்கில் இல்லை. அங்கே வண்டியை விட்டார்கள், இங்கே பயணத்தை அரைகுறையாக எழுதினார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

இனி, சகோதரி கேட்ட அச்சத்துக்கு வருவோம். அந்த அச்சம் ஆதாரமில்லாதது அல்ல. 2011இல் சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பு என்று வேறொன்று நடந்தது. கிராமத்துக் குடும்பத்திடம் மோட்டார் பூட்டிய இரு சக்கர வண்டி இருந்தால், ஏழைகளின் பட்டியலிலிருந்து அது தானாகவே விலக்கப்படும் என்பது அதன் விதி. மீன்பிடிப் படகுக்கும் அதே விதி. பிரதமர் கிராம வீட்டுத் திட்டத்திலும் இந்த விதி புகுந்தது. ஊரில் ஓலைக் குடிசையில் இருந்துகொண்டு, பழைய மொபெட் ஒன்று வாசலில் நின்ற பாவத்துக்காக வீடு கிடைக்காமல் போனவர்களை நாம் அறிவோம். வீட்டுத் திட்டத்தில் இரு சக்கர வண்டி நிபந்தனையை நீக்குவதாக 2024இல்தான் மத்திய அரசு அறிவித்தது. அதே தமிழ்நாட்டில் 2018இல், வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்கப் பாதி விலை, 25,000 ரூபாய் வரை, அரசே மானியம் கொடுத்தது. ஒரு கை மானியம் கொடுத்து வாங்கச் சொன்ன வண்டியை இன்னொரு கை வசதிக்கு அடையாளமாக எழுதிக்கொண்டது!

ஆகவே சகோதரிக்கும், படியில் நிறுத்திக் கேட்ட நால்வருக்கும் நமது பதில் இது. மக்கள்தொகைக் கணக்கு வேறு, அந்தக் கணக்கெடுப்பு வேறு. இது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. அச்சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, உங்கள் வீட்டைப் பற்றி எழுதியதை எவரும் கேட்டு வாங்கிப் பார்க்க உரிமை இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கு தவிர வேறு எந்த வழக்கிலும் அதைச் சாட்சியமாக வைக்கவும் முடியாது. கேட்டதற்கு அறிந்தவரை உண்மையைச் சொல்வது நம் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. மறைத்தால் நஷ்டம் நமக்கே. வண்டியை நாமே மறைத்துவிட்டு, வண்டிக்காரனுக்கு வழி எங்கே என்று எந்த வாயால் கேட்பது? அதே சமயம் அரசுக்கும் சொல்கிறோம். அந்த 15ஆம் பிரிவின் சுவரில் ஒரு செங்கல்லையும் பெயர்க்காதீர்கள். பெயர்த்தால் அடுத்த தடவை ஏழை வாய் திறக்கமாட்டான்.

நம் தோழர்களிடமிருந்தே ஓர் ஆட்சேபம் வரும் என்பதை அறிவோம். "ரயிலும் பஸ்ஸும் கேட்க வேண்டிய சங்கம் ஸ்கூட்டருக்குப் பரிந்து பேசுவதா? பெட்ரோல் விலையிலும் தவணை வட்டியிலும் தொழிலாளியைச் சிக்கவைத்த வண்டியல்லவா அது?" என்பார்கள். நியாயமான கேள்வி. நாமும் ரயில்வேக்காரர்தான். ரயிலைவிட மலிவான, பத்திரமான வாகனம் இல்லை என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் எண்ணுவது வேறு, ஏற்பது வேறு. நோயாளியை எண்ணுவதால் நோயை ஆதரித்ததாகுமா? பான்தலாவுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள் என்ற எண் கையில் இருந்தால்தான், அங்கே முதல் ஷிப்டுக்குப் பஸ் இல்லை என்பதை நிரூபிக்க முடியும். ஸ்டேஷன் வரை எத்தனை பேர் ஸ்கூட்டரில் வருகிறார்கள் என்று தெரிந்தால்தான், அந்தப் பாதையில் மினி பஸ் கேட்க முடியும். தொழிலாளியின் ஸ்கூட்டர், பொதுப் போக்குவரத்து கைவிட்ட இடத்தைக் காட்டும் அடையாளம். அதை எண்ணச் சொல்வது பஸ்ஸுக்காகவும் ரயிலுக்காகவும்தான்.

ஆகவே மக்கள்தொகைத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்கு, சங்கத்தின் சார்பில் ஐந்து கோரிக்கைகளை அனுப்புகிறோம்.

1. ஆட்களை எண்ணும் கட்டத்தில், வேலைக்கு எதில் போகிறார்கள் என்ற கேள்வி விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் உட்பட எல்லா உழைப்பாளிகளிடமும், படிக்கும் பிள்ளைகளிடமும் கேட்கப்பட வேண்டும்.

2. பிரதான வாகனத்துக்கு ஒரு கட்டம், துணை வாகனத்துக்கு ஒரு கட்டம் என்று இரண்டு வேண்டும். டிராமுக்கும் மெட்ரோவுக்கும் தனி எண் வேண்டும்.

3. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளில் போகிறவர் தானே ஓட்டுகிறாரா, பின்னால் உட்கார்ந்து போகிறாரா, வாடகைக்குப் போகிறாரா என்பதைப் பிரித்து எழுத வேண்டும். பதிவு எண் இல்லாத மின்சார வண்டியையும் சேர்க்க வேண்டும்.

4. வண்டியின் மேலேயே வேலை செய்பவர்களுக்குத் தனி எண் தர வேண்டும்.

5. சைக்கிள் வேறு, மோட்டார் வண்டி வேறு என்று பிரித்து, வார்டு வாரியாக, காலம் கடத்தாமல் பட்டியலை வெளியிட வேண்டும். மூன்று நான்கு ஆண்டு கழித்து வரும் கணக்கு பழைய சோறு.

கோரிக்கை அனுப்பிவிட்டு நாம் கைகட்டி நிற்கக் கூடாது. கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். வெயிலில் படியேறி வருவார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். வங்காளியில் கேட்டால் வங்காளியில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் பிள்ளைகளை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தாய்மொழி எது என்றால் தமிழ் என்று சொல்லுங்கள். எங்கே பிறந்தீர்கள் என்றால் பிறந்த ஊரைச் சொல்லுங்கள். வீட்டில் வேலை செய்பவர் யார் என்று கேட்கும்போது குடும்பத் தலைவர் பெயரோடு நிறுத்தாதீர்கள். மாவாட்டுகிற, தைக்கிற, அடுத்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணும் தொழிலாளிதான். அவள் எப்படிப் போகிறாள் என்பதை அவளே சொல்லட்டும். கைபேசியில் தாமே நிரப்பும் வசதியும் உண்டு. ஞாயிறு காலைகளில் சங்க அறைக்கு வந்தால் நம் இளைஞர்கள் உதவுவார்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்தில் சிக்கினால், அதுவும் வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்று 2010இல் சட்டம் திருத்தப்பட்டது. நேரம், இடம், சூழ்நிலை ஆகியவை வேலையோடு பொருந்துவதைக் காட்ட வேண்டும். இது தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்கின்றன. பயணமும் வேலையின் ஒரு பகுதி என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. மக்கள்தொகைப் படிவமும் ஒப்புக்கொள்ளட்டும் என்றுதான் கேட்கிறோம்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எண்ணப்பட்ட பிள்ளையின் அழுகைதான் சர்க்காரின் காதில் விழும் என்று நாம் சேர்த்துச் சொல்கிறோம். நம் சகோதரி வரும் ஞாயிறு சங்க அறைக்கு வருகிறார், மகனையும் அழைத்துக்கொண்டு, அந்த ஸ்கூட்டரிலேயே. வாசலில் அதை நிறுத்த இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். நீங்களும் வாருங்கள்.